கிராங்க் ஷாஃப்ட் எண்ட் பிளே: பீட்டில் இன்ஜினைப் பிரித்துக் கட்டுபவர்களின் கேள்விகள்

இன்ஜினின் இரண்டு பாதி ஓடான கேஸை மூடியாயிற்று, அடுத்து கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டின் முனையில் மாட்டும் கனமான சக்கரம், ஃப்ளைவீல். சந்தேகங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். வோக்ஸ்வேகன் பீட்டிலின் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினைக் கட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். எண்கள் எல்லாம் டைப் 1 எனப்படும் இந்த இன்ஜினுக்கானவை. பீட்டிலில் இன்ஜின் பின்னால் இருப்பதால் "முன்பக்கம், பின்பக்கம்" என்றாலே குழப்பம் வரும். அதனால் ஃப்ளைவீல் பக்கம், புல்லி பக்கம் என்றே சொல்கிறோம்.

எண்ட் பிளேன்னா என்ன? பேரிங் ஆட்டம்னு சொல்றாங்களே, அதுவா?

அது வேறு, இது வேறு. பேரிங் ஆட்டம் என்பது ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் சுற்றிலும் ஆயில் நிற்கிற இடைவெளி. எண்ட் பிளே என்பது கிராங்க் ஷாஃப்ட் தன் நீளவாக்கில், புல்லி பக்கமும் ஃப்ளைவீல் பக்கமும் நகர்கிற தூரம். முதலாவதை மாற்ற ஷாஃப்ட்டை கிரைண்டிங் செய்து அளவு மாறிய பேரிங் போட வேண்டும். இரண்டாவதை ஷிம் என்கிற மெல்லிய வளையத் தகட்டை மாற்றிச் சரிசெய்துவிடலாம்.

இந்த இன்ஜினில் நான்கு மெயின் பேரிங். நீளவாக்கு நகர்வைத் தடுப்பது ஒன்றாம் நம்பர் மட்டும்தான், ஃப்ளைவீலை ஒட்டி இருப்பது. அதன் ஒரு முகத்தில் கிராங்கின் தோள் வந்து முட்டும். மறு முகத்தில் மூன்று ஷிம்களும் அவற்றுக்குப் பின்னால் ஃப்ளைவீலின் கழுத்தும் முட்டும். இந்த இரண்டு முட்டலுக்கும் நடுவில் மிஞ்சுகிற இடம்தான் எண்ட் பிளே.

ஆட்டமே இல்லாம டைட்டா வச்சா இன்னும் நல்லதுதானே?

இல்லை. ஷிம்முக்கும் பேரிங் முகத்துக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்க இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் முகம் காய்ந்து உரசும், சூடேறும், பேரிங் உலோகம் வழித்துக்கொண்டு வரும். முழுக்கப் பிடித்துக்கொண்டால் பேரிங் தன் இருக்கையிலேயே திரும்பப் பார்க்கும். அதன் பிறகு கேஸையும் சேர்த்துத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

தடுப்பை ஒரே பேரிங்கில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. கேஸ் மக்னீசியம் கலவை, ஷாஃப்ட் இரும்பு. சூட்டில் மக்னீசியம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளும். 300 மி.மீ. நீளத்தை எடுத்துக்கொண்டு 80 டிகிரி சூடேற்றினால், கேஸ் ஷாஃப்ட்டைவிட ஏறக்குறைய 0.3 மி.மீ. அதிகமாக நீண்டிருக்கும். இரண்டு முனையிலும் கட்டிப்போட்டால் ஒன்று இழுபடும், இல்லாவிட்டால் இறுகும். ஒரு முனையைப் பிடித்து மற்றதை விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, எவ்வளவு வைக்கணும்?

0.07 முதல் 0.13 மி.மீ. வரை. அங்குலக் கணக்கில் 0.003 முதல் 0.005. ஓடித் தேய்ந்த இன்ஜினுக்கு எல்லை 0.15 மி.மீ. அதைத் தாண்டினால் ஷிம் மாற்ற வேண்டும். நடுவில் 0.10 என்று குறி வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். புதுப் பேரிங் என்றால் 0.08 அல்லது 0.09 வந்தாலும் நாங்கள் அப்படியே விட்டுவிடுவோம். ஓட ஓட அது கொஞ்சம் கூடத்தான் செய்யும், குறையாது.

பட்டறையில் கண்ணளவில் சொல்லும் நூல் கணக்கு இங்கே எடுபடாது. ஒரு நூல் என்பது மூன்று மி.மீ.க்கும் மேல்.

இன்ஜினை இறக்காம என் வண்டில பார்க்க முடியுமா?

முடியும். இன்ஜின் ஆறிய பிறகு, ஆஃப் செய்து சாவியை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் பெரிய புல்லியை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், பிறகு உள்ளே தள்ளுங்கள். சரியான அளவில் இருந்தால் நகர்வு கைக்குத் தெரிவதே கடினம். 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்டால் எல்லை தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பீட்டில் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யலாம்.

எண் வேண்டுமென்றால் டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) தொடும் முனையைப் புல்லியின் நடு போல்ட்டில் வையுங்கள். விளிம்பில் வைத்தால் தகடு வளைந்து பொய் சொல்லும்.

கூடுதலா இருந்தா என்னதான் ஆகும்? வண்டி நல்லாத்தானே ஓடுது.

கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் கிராங்க்கைப் புல்லி பக்கம் தள்ளும். அந்தத் தள்ளு முழுவதையும் ஷிம்கள் வழியாக ஒன்றாம் பேரிங்தான் வாங்குகிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் அது தள்ளாக இல்லாமல் சுத்தியல் அடியாக விழும். நாளடைவில் பேரிங் இருக்கும் கேஸின் இருக்கை நசுங்கும். மக்னீசியம் மெத்தென்ற உலோகம், சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

ஃப்ளைவீல் முன்னும் பின்னும் அலைவதால், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு ஓய்ந்து ஆயில் கசியும், அது கிளட்ச் பிளேட்டில் படும். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் கியர் கிராங்க்கில் சாய்வுப் பல்லாக இருப்பதால், கிராங்க் நகர்ந்தால் டைமிங்கும் துளி ஆடும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்களின் இன்ஜினில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

ஷிம் ஏன் மூணு? தடிமனா ஒண்ணு போட்டா வேலை முடியுமே?

எப்போதும் மூன்றுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஃப்ளைவீல் சுற்றும், பேரிங் நிற்கும். நடுவில் மூன்று ஷிம் இருந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வழுக்கி வேக வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு இடுக்கிலும் ஆயில் நிற்கும். ஒன்றே ஒன்று போட்டால் உரசல் மொத்தமும் அதன் இரண்டு முகத்தில்தான் விழும்.

கிடைக்கிற தடிமன்கள்: 0.24, 0.30, 0.32, 0.34, 0.36, 0.38 மி.மீ. இந்த ஆறிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

அளக்கறதுக்கு முன்னாடி என்னென்ன ரெடியா இருக்கணும்?

கேஸின் இரண்டு பாதியும் சேர்ந்து முழு அளவுக்கு முறுக்கியிருக்க வேண்டும்: மெயின் பேரிங்குகளைச் சுற்றி இருக்கும் ஆறு பெரிய நட்டுகள் 34 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட் நட்டுகள் 20 நியூட்டன் மீட்டர். முறுக்கும்போது இடையிடையே கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு நட்டை இறுக்கியதும் சுற்று கனத்தால் அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பேரிங், அதை இடத்தில் பிடிக்கும் சிறு உருளையான டவல் பின்னில் உட்காராமல் பின்னின் மேல் ஏறி நின்றிருக்கும்.

ஒன்றாம் பேரிங் பிளவில்லாத முழு வளையம் என்பதால் கேஸை மூடியதும் டவல் பின் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் கிராங்க் இல்லாமல் பேரிங்கை மட்டும் கேஸ் பாதியில் வைத்து, பின்னில் உட்கார்ந்ததை உறுதி செய்து, கேஸ் விளிம்பு ஓடும் இடத்தில் பேரிங்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கிராங்க்கோடு இறக்கும்போது கோடு விளிம்பில் வந்து நிற்க வேண்டும். பின் ஏறி நசுங்கிய பேரிங்கின் முதுகில் ஒரு குழி விழுந்திருக்கும். அதைத் திரும்பப் போடாதீர்கள்.

இதைத் தவிர, ஆயில் சீல் மாட்டியிருக்கக் கூடாது. ஷிம்கள், பேரிங் முகம், ஃப்ளைவீல் கழுத்து மூன்றையும் துடைத்து மெல்லிய ஆயில் மட்டும் பூசியிருக்க வேண்டும். ஒரு துணி நூல் சிக்கினாலே அளவு மாறிவிடும்.

அளக்கறது எப்படி? படிப்படியா சொல்லுங்க.

இரண்டு ஷிம்களை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 0.30, 0.32 என்று வைத்துக்கொள்வோம். அவற்றைக் கிராங்க் முனையில் போட்டு, நான்கு டவல் பின்களும் சரியாக நுழையும்படி ஃப்ளைவீலை ஏற்றி, 36 மி.மீ. நடு நட்டை வாசரோடு முறுக்குங்கள். டயல் கேஜின் பிடியைக் கேஸில் இறுக்கமாகக் கட்டி, தொடும் முனையை ஃப்ளைவீல் முகத்தில் நேர்செங்குத்தாக வையுங்கள். கிராங்க்கை ஒரு பக்கம் முட்டத் தள்ளி, கேஜைப் பூஜ்யமாக்கி, மறுபக்கம் இழுங்கள். இழுக்கும்போது கொஞ்சம் திருகிக்கொண்டே இழுத்தால் ஷிம்களுக்கு நடுவே இருக்கும் ஆயில் வழிவிடும். மூன்று நான்கு முறை செய்து ஒரே எண் வருகிறதா பாருங்கள்.

கேஜ் 0.46 காட்டுகிறது என்றால், வேண்டிய 0.10-ஐக் கழித்தால் 0.36. அதுதான் மூன்றாவது ஷிம். ஃப்ளைவீலைக் கழற்றி அதையும் சேர்த்துப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். "கணக்கு சரி, திரும்ப எதற்கு?" என்று இந்த இரண்டாவது அளவை விடுபவர்கள் உண்டு. ஷிம் விளிம்பில் பிசிறு இருந்தால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

எனக்கு கணக்குல 0.41 வருது. அப்படி ஷிம்மே இல்லையே?

மூன்றாவதை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைப் பாருங்கள். போட்டிருந்த இரண்டு 0.30, 0.32 என்றால் மொத்தத் தேவை 0.30 + 0.32 + 0.41 = 1.03. இதை 0.34, 0.34, 0.36 என்று வைத்தால் 1.04, எண்ட் பிளே 0.09. மூன்றுமே 0.34 என்றால் 1.02, எண்ட் பிளே 0.11. இரண்டும் சரிதான். கையில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

ஷிம்ல பொறிச்சிருக்கற நம்பரை நம்பலாமா?

வேண்டாம். மைக்ரோமீட்டர் சொல்வதுதான் கணக்கு. பழைய ஷிம் தேய்ந்திருக்கும், புதியதிலும் சில சமயம் 0.01 முன்னே பின்னே இருக்கும்.

கொஞ்சம் தடிமனான ஷிம்மை உப்புத்தாள்ல தேய்ச்சு சரி பண்ணலாமா?

0.01, 0.02 மி.மீ. குறைக்க வேண்டுமென்றால் செய்யலாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 600 நம்பர் நீர் உப்புத்தாளை ஒட்டி, ஆயில் விட்டு, ஷிம்மை விரல் நுனியால் எட்டுப் போட்டபடி தேய்க்க வேண்டும். அடிக்கடி திருப்பி, நான்கு இடத்தில் அளக்க வேண்டும். ஒரு ஓரம் மெலிந்துவிட்டால் அந்த ஷிம் குப்பைக்குத்தான். ஓரப் பிசிறு எடுக்க இதே கண்ணாடியில் இரண்டு தேய்ப்பு போதும். வாங்கிய எல்லா ஷிம்முக்கும் இதைச் செய்வது நல்ல பழக்கம்.

டயல் கேஜ் இல்லை. ஃபீலர் கேஜ் போதுமா?

போதும், பொறுமை இருந்தால். கேஸின் போல்ட் துளை ஒன்றில் நீண்ட போல்ட்டை இரண்டு நட்டுகளால் இறுக்கி, அதன் முனை ஃப்ளைவீல் முகத்துக்கு எதிரே நிற்கும்படி ஒரு பட்டையை வளைத்துக் கட்டுங்கள். கிராங்க் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்போது இடைவெளியை ஒரு முறை, இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்போது ஒரு முறை ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளால் அளந்து கழித்தால் எண்ட் பிளே. பட்டை ஆடினால் கதை கெட்டது. மலிவான டயல் கேஜின் விலை ஒரு செட் மெயின் பேரிங் விலையைவிடக் குறைவுதான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய நட்டை முழுசா முறுக்கணுமா அண்ணே? உசுரு போகுது.

முழு முறுக்கு 294 நியூட்டன் மீட்டர், அதாவது 30 கிலோகிராம்-மீட்டர். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 30 கிலோ தொங்குகிற பலம். இடைப்பட்ட அளவுகளுக்கு அதில் பாதி போதும், ஃப்ளைவீல் கிராங்க் முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால் சரி. ஆனால் மூன்று ஷிம்மும் போட்ட கடைசி அளவை முழு முறுக்கில்தான் எடுக்க வேண்டும்.

ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிக்க, கிளட்ச் போல்ட் துளைகள் இரண்டில் ஒரு ஆங்கிள் இரும்பைப் பூட்டித் தரையில் ஊன்றுங்கள். ரிங் கியர் பல்லில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்க வேண்டாம், பல் உடையும்.

ஆயில் சீலும் ஓ-ரிங்கும் எப்ப போடணும்?

அளவு முடிந்த பிறகு. சீலின் ரப்பர் உதடு ஃப்ளைவீல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். தள்ளும்போது கிராங்க் கடைசி வரை போகாமல் திரும்பிவிடும், ஆட்டம் குறைவாகக் காட்டும். ஓ-ரிங் ஃப்ளைவீலின் உள்பள்ளத்தில் உட்காருவது, முழு முறுக்கில் அது அளவைப் பாதிக்காது. ஆனாலும் நாலைந்து முறை கழற்றி மாட்டும்போது அறுந்துபோகும் என்பதால் புதியதைக் கடைசியில்தான் போட வேண்டும்.

வரிசை இது: முதலில் மூன்று ஷிம், பிறகு சீல், பிறகு ஓ-ரிங் போட்ட ஃப்ளைவீல். சீலை அடித்து உட்கார வைத்த பின் மேசையில் மூன்று ஷிம்களும் பளபளத்துக்கொண்டு கிடப்பது எல்லாப் பட்டறையிலும் நடந்திருக்கிறது. சீல் நேராக, கேஸ் முகத்தோடு சமமாக உட்கார வேண்டும். கேஸ் துளையின் விளிம்பு கூராக இருந்தால் லேசாக மழுக்கிவிட்டுத் துகள்களைத் துடைத்தெடுங்கள்.

என் ஃப்ளைவீல்ல ஓ-ரிங் பள்ளமே இல்லையே?

அப்படியானால் அது பழைய மாதிரி. கிராங்க் முனைக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் கேஸ்கட் போடுவது. அந்த கேஸ்கட்டின் தடிமன் ஃப்ளைவீலை வெளியே தள்ளி, எண்ட் பிளேயைக் கூட்டும். ஆகவே இதில் கேஸ்கட்டோடுதான் அளக்க வேண்டும், போடப்போகும் அதே கேஸ்கட்டோடு. ஓ-ரிங் உள்ள ஃப்ளைவீலுக்குக் கேஸ்கட்டும் சேர்த்துப் போட்டால் "கூடுதல் பாதுகாப்பு" எதுவும் இல்லை. காகிதம் நாளாக நாளாக நசுங்கும், நட்டு தளரும்.

ஷிம் மாத்த கேஸைப் பிரிக்கணுமா? ஃப்ளைவீல் மட்டும் மாத்தினா மறுபடி அளக்கணுமா?

கேஸைப் பிரிக்க வேண்டாம். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றினால் ஷிம் கைக்கு வரும். சீலைப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, ஆம். ஃப்ளைவீல், கிராங்க், ஒன்றாம் பேரிங், கேஸ்கட் இவற்றில் எது மாறினாலும் பழைய ஷிம் கணக்கு செல்லாது. கிளட்ச் பிளேட் உரசும் முகத்தை மட்டும் லேத்தில் சீவியிருந்தால் எண்ட் பிளே மாறாது. கழுத்தின் முனையைத் தொட்டிருந்தால் மாறும்.

மூணு 0.38 போட்டும் ஆட்டம் 0.20 இருக்கு. இப்ப என்ன செய்ய?

நான்காவது ஷிம் போடாதீர்கள். மூன்று ஷிம்மால் எட்டக்கூடியது 0.72 முதல் 1.14 மி.மீ. வரை. அதற்கு மேல் கேட்டால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் மாறிப் போயிருக்கிறது. பேரிங்கின் முகம், கிராங்க்கின் தோள், ஃப்ளைவீல் கழுத்து மூன்றையும் பாருங்கள். கிராங்க் கிரைண்டிங் போய் வந்திருந்தால் தோளையும் சேர்த்துச் சீவியிருக்கலாம்.

தலைகீழாக, 0.72 போட்டே இடம் இல்லையென்றால் முதல் சந்தேகம் பின்னில் உட்காராத பேரிங். அடுத்தது உங்கள் கேஸுக்குப் பொருந்தாத அகலமான பேரிங்: இருக்கை நசுங்கிய கேஸைக் கடைந்து சரிசெய்த பின் போடுவதற்கென்றே அகலம் கூட்டிய ஒன்றாம் பேரிங்குகள் விற்கின்றன. வாங்கும்போது மூன்று அளவு சொல்ல வேண்டும்: கிராங்க் ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதி), கேஸ் துளை, அகலம். கடையில் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் கேட்பார்கள்.

0.10 வச்சுதான் கட்டினேன். ஆயிரம் கிலோமீட்டர்ல 0.20 ஆயிடுச்சு. எப்படி?

இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, நடு நட்டு. அது தளர்ந்திருந்தால் ஃப்ளைவீலே கிராங்க் முனையில் ஆடும், கேஜ் அதையும் சேர்த்து எண்ட் பிளேயாகக் காட்டும். கழற்றும்போது நட்டு லேசாக விட்டுக்கொடுத்ததா, டவல் பின் துளைகள் முட்டை வடிவமாகிவிட்டனவா என்று பாருங்கள். துளை முட்டையானால் அந்த ஃப்ளைவீலை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, ஒன்றாம் பேரிங்கே கேஸுக்குள் நீளவாக்கில் ஆடுவது. கட்டும்போது ஆயிலும் புதுப் பேரிங்கின் இறுக்கமும் சேர்ந்து அது ஆடாததுபோலக் காட்டியிருக்கும். ஓடிய பிறகு பேரிங் கேஸுக்குள் நகர்வதும் அளவில் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஷிம் மருந்தல்ல. 0.10 கூட்டிப் போட்டால் சில வாரம் கேஜ் நல்ல எண் காட்டும், அடி தொடர்ந்து கேஸில் விழுந்துகொண்டிருக்கும். அடுத்த முறை கேஸைப் பிரித்ததும் பேரிங்கை அதன் பாதியில் வைத்து விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் கேஸ் லேத்துக்குப் போக வேண்டும், மேலே சொன்ன அகலமான பேரிங் அங்கேதான் தேவைப்படும்.

ஒரே ஷிம்தான், ஒரு தடவை 0.10, அடுத்த தடவை 0.14. எது நிஜம்?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதலில் கேஜின் பிடியைத் தட்டிப் பாருங்கள், முள் நகர்ந்துவிட்டுப் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் பிடி தளர்வு. அடுத்து தொடும் முனை ஃப்ளைவீலின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அளவுக்கு நடுவில் ஃப்ளைவீல் சுற்றினால் முகத்தின் கோணலும் கணக்கில் வந்துவிடும். முனை நிற்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்து, திருகினாலும் அதே புள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்து படியுங்கள்.

வேற ஏர் கூல்ட் இன்ஜினுக்கும் இதே கணக்கா?

வோக்ஸ்வேகனின் பெரிய டைப் 4 இன்ஜினுக்கும் ஷிம் முறைதான், அதே 0.07 முதல் 0.13. ஆனால் அதில் ஒற்றை நடு நட்டு கிடையாது, ஃப்ளைவீலை ஐந்து போல்ட்டுகள் பிடிக்கும். போர்ஷே 911-இன் ஆறு சிலிண்டர் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினில் ஷிம்மே கிடையாது. பேரிங்கின் விளிம்பு அகலமே அளவைத் தீர்மானிக்கும், அளந்து பார்த்து எல்லைக்கு வெளியே இருந்தால் பேரிங்கை மாற்றுவதுதான் வழி. அதன் எல்லையும் வேறு. பீட்டில் எண்ணை அங்கே கொண்டுபோகாதீர்கள்.